ஹோம் பேஜ்ல ஆறு லோகோ

ஒரு மெஸ்ஸுக்குப் போறோம். கல்லாவுக்கு மேல ஒரு போட்டோ மாட்டியிருக்கு. ஒரு நடிகர் வாழை இலை முன்னாடி உட்கார்ந்திருக்கார், பக்கத்துல ஓனர் சிரிச்சுக்கிட்டு நிக்கறார். நடிகரோட ஹேர்ஸ்டைலைப் பார்த்தாலே படம் பதினஞ்சு வருஷம் பழசுன்னு தெரியுது. பக்கத்துல ஏதோ ஷூட்டிங்னு வந்து ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருப்பார். சாம்பார் பிடிச்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. ஆனா உள்ள நுழையற நமக்கு என்ன தோணுது? "இவரே இங்கதான் சாப்பிடறார்." சாப்பிட்டார்ங்கற ஒரு நாள் விஷயம் சுவத்துல ஏறுனதும் சாப்பிடறார்னு மாறிடுது.

ஃப்ரீலான்ஸ் பண்ற நம்ம பசங்க வெப்சைட்டைத் திறந்து பாருங்க. பேரு, ஒரு ஃபோட்டோ, அதுக்குக் கீழ வரிசையா லோகோ. எல்லாமே சாம்பல் கலர்ல, மவுஸ் கொண்டுபோனா மட்டும் கலர் வரும். சிஎஸ்எஸ்ல ஒரே ஒரு வரி வேலை. மேல தலைப்பு, "எங்களை நம்பும் நிறுவனங்கள்". மெஸ் சுவரும் இதுவும் ஒண்ணுதான்.

யாரையோ கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. நானும் அப்படி ஒரு சுவர் வெச்சிருந்தேன். அதனால ஒருத்தருக்கு வேலை போச்சு. அதைச் சொல்லிட்டு, என் கருத்தைச் சொல்றேன்.

நான் போட்ட ஆறு

போன வருஷம் ஆடி மாசம். நம்ம காலேஜ்ல படிச்சு முடிச்ச ஒரு சீனியர் அண்ணா சின்னதா ஒரு வெப் டிசைன் ஆபீஸ் நடத்தறார். அவரும் இன்னும் ரெண்டு பேரும்தான். ஒரு பெரிய ஜவுளிக் கடையோட ஆடித் தள்ளுபடிப் பக்கம் அவருக்கு வந்திருந்தது. நேரம் இல்லாததால மொபைல் வியூவையும் ஒரு ஃபார்மையும் என்கிட்ட குடுத்தார். பதினோரு நாள் வேலை, 6,000 ரூபாய். நான் சம்பாதிச்ச முதல் பெரிய காசு அது. அம்மாவுக்கு அதே கடையில ஒரு புடவை எடுத்தேன்.

டிசம்பர் லீவுல எனக்குன்னு ஒரு வெப்சைட் பண்ணேன். அதுல ஆறு லோகோ போட்டேன். என்னென்னன்னு ஒளிக்காம சொல்றேன்.

முதல்ல அந்த ஜவுளிக் கடை. ரெண்டாவது ஃப்ரெண்டோட அப்பா நடத்தற டிரைவிங் ஸ்கூல். ஆறுல முழுசா நான் ஒருத்தியே பண்ணி முடிச்ச ஒரே சைட் அதுதான். மூணாவது ஒரு கோச்சிங் சென்டர். பாதி வேலையில பரீட்சை வந்து நான் விட்டுட்டேன், அப்புறம் வேற யாரோ முடிச்சாங்க. நாலாவது ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அவங்களுக்கு நானே ஆசைப்பட்டு ஒரு லோகோ வரைஞ்சு குடுத்தேன், அவங்க பயன்படுத்தவே இல்ல. அஞ்சாவது நான் ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ண கம்பெனி. ஆறாவது நம்ம டிபார்ட்மெண்ட் சிம்போசியம்.

இதுக்கு மேல "எங்களை நம்பும் நிறுவனங்கள்"னு எழுதினேன். எங்களைன்னா யாரு? ஹாஸ்டல் ரூம்ல நான், என் லேப்டாப், சார்ஜர் வயர் பிய்ஞ்சு ஒட்டுன இன்சுலேஷன் டேப்.

பிப்ரவரியில ஒரு செக்கு எண்ணெய் வியாபாரி போன் பண்ணார். ஆன்லைன்ல விக்கற மாதிரி சைட் வேணும், நல்ல பட்ஜெட். "அந்தக் கடைக்கே நீங்கதான் பண்றீங்களாம்மா?"ன்னு கேட்டார். நான் "ஆமா சார்"னேன். ரெண்டே வார்த்தை. அந்த ஜவுளிக் கடையில அவருக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்திருக்கார். போன் போட்டு விசாரிச்சிருக்கார். "அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதே"ன்னு பதில் வந்திருக்கு.

அவங்க பக்கம் அது உண்மைதான். அவங்க வேலை குடுத்தது அண்ணாவுக்கு. அண்ணாவோட ஒப்பந்தத்துல, வேலையை வெளியாளுக்குக் குடுக்கக்கூடாது, வேலை பத்தி வெளிய சொல்லக்கூடாதுன்னு ரெண்டு விதி இருந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு அண்ணா கூப்பிட்டார். திட்டவே இல்ல. "லோகோவை எடுத்துடும்மா. இப்பவே எடுத்துடு"ன்னு மட்டும் சொன்னார். எடுத்துட்டேன். ஆனா இந்த வருஷம் ஆடிக்கு அந்த வேலை அவருக்கு வரல. என்னால மட்டும்தான் போச்சான்னு கேட்டா, வெளியாளுக்குக் குடுத்தது அவர் பண்ண தப்புதான். அதை அவரே ஒத்துக்கிட்டார். ஆனா அது வெளிய வந்தது என் ஹோம் பேஜ் வழியாதான். அந்த ஆபீஸ்ல மூணு பேருக்கு அதுதான் வருஷத்தோட பெரிய வேலை.

எண்ணெய்க் கடைக்காரர் கடைசியா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "உங்க வேலை நல்லாவே இருந்திருக்கலாம்மா. செஞ்சதை மட்டும் செஞ்சேன்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேன்."

லோகோ என்ன பொய் சொல்லுது?

நான் ஒரு பொய்யான வார்த்தைகூட எழுதலையே, லோகோதானே போட்டேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, லோகோவுல பிரச்சினையே அதுல வார்த்தை இல்லைங்கறதுதான். வார்த்தையா எழுதினா "ஒரு சீனியரோட டீம்ல, பதினோரு நாள், மொபைல் வியூ மட்டும்"னு எழுத வேண்டியிருக்கும். லோகோ போட்டா எதையும் எழுத வேண்டாம். பார்க்கறவங்களே மனசுக்குள்ள நிரப்பிக்குவாங்க. நமக்குச் சாதகமா நிரப்பிக்குவாங்கன்னு நமக்கும் தெரியும்.

அவங்க என்ன நிரப்பறாங்க? இந்த நிறுவனம் இவரை நேரடியா வேலைக்கு எடுத்திருக்கு. முழு வேலையும் இவர்தான் பண்ணார். இப்பவும் இவர்கிட்டதான் பண்றாங்க. வேலையில அவங்களுக்குத் திருப்தி. இவர் தன் பேரைப் போட அவங்க சம்மதிச்சிருக்காங்க. என் ஆறு லோகோவை இந்த அஞ்சோட வெச்சுப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் மட்டும்தான் கிட்டத்தட்ட தேறுச்சு. அதுலயும் சம்மதம் கேட்கல.

முன்னாள் கிளையண்டுங்கற வார்த்தையில "முன்னாள்" முக்கியம். கோச்சிங் சென்டர் சைட்டை இப்ப திறந்தா அதுல என் கோடு ஒரு வரி கூட இருக்காது. ஆனா அந்த லோகோவை கிளிக் பண்ணா அந்த சைட்டுக்குத்தான் போற மாதிரி லிங்க் குடுத்திருந்தேன். அதாவது வேற ஒருத்தர் பண்ண வேலையை என் வேலைன்னு காட்டிக்கிட்டிருந்தேன். அந்த ஒருத்தரும் எங்கயோ ஒரு காலேஜ்ல நம்மள மாதிரி ஒரு ஸ்டூடண்டா இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

அண்ணா எனக்கும் ரெண்டு பக்க அக்ரிமெண்ட் ஒண்ணு அனுப்பியிருந்தார். வாட்ஸப்ல வந்தது, விரலாலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம்தான், ஆனா அந்த இங்கிலீஷ் வேற இங்கிலீஷ். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் உட்கார்ந்து படிச்சேன். வேலை விவரத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு மூணாவது பாயிண்ட்லயே தெளிவா இருந்தது. அதனால முதல் சட்டம் நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்தான். அதுல ரகசிய விதி இருந்தா, லோகோ மட்டுமில்ல, பேரைக்கூட சொல்ல முடியாது.

அதுக்கு அப்புறம் ரெண்டு சட்டத்தைப் புரட்டினேன். நான் வக்கீல் இல்ல. ஆனா ரெண்டுமே படிச்சா புரியற அளவுக்குத்தான் இருக்கு.

ஒண்ணு, 1999-ஆம் வருஷத்து ட்ரேட்மார்க் சட்டம். பதிவு பண்ண ஒரு சின்னத்தை, அதோட சொந்தக்காரரைக் குறிப்பிடறதுக்காக மத்தவங்க பயன்படுத்தலாம்னு பிரிவு 30 இடம் குடுக்குது. ஆனா அது நேர்மையான வணிக நடைமுறைப்படி இருக்கணும், அந்தச் சின்னத்தோட நற்பேரை வெச்சு நியாயமில்லாத லாபம் பார்க்கக்கூடாது. விளம்பரத்துல அப்படி லாபம் பார்த்தா அது மீறல்னு பிரிவு 29 சொல்லுது. ரெண்டு பிரிவுமே கேட்கறது நேர்மையைத்தான். "இந்தக் கடையோட 2024 ஆடித் தள்ளுபடிப் பக்கத்துல மொபைல் வியூ பண்ணேன்"னு எழுதறது ஒரு தகவல். கடை லோகோவை என் போன் நம்பருக்கு மேல பெருசா வெக்கறது, அவங்க பேர்ல நான் கடை போடற மாதிரி.

இன்னொண்ணு, 1957-ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டம். இது நம்ம பக்கம் நிக்கற சட்டம். கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் இதுல இலக்கியப் படைப்பாத்தான் கணக்கு. கம்பெனியில ஊழியரா இருந்துகிட்டு எழுதினா உரிமை பொதுவா கம்பெனிக்கு. ஃப்ரீலான்ஸா எழுதினா, பொதுவா முதல் உரிமையாளர் எழுதினவர்தான். அதை மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும்னு பிரிவு 19 சொல்லுது. எழுதிக் குடுத்துட்டாலும், "இதைப் படைச்சது நான்"னு சொல்லிக்கற உரிமை படைச்சவர்கிட்டயே இருக்கும்னு பிரிவு 57 சொல்லுது.

ரெண்டையும் சேர்த்துப் படிச்சப்ப எனக்கு ஒரு கோடு தெளிவா தெரிஞ்சுது. வேலை என்னோடது, அதை என்னோடதுன்னு சொல்லிக்கலாம். பேரு அவங்களோடது, அதை என் பேட்ஜா குத்திக்கக் கூடாது. அவங்க லோகோவையே நான் வரைஞ்சு குடுத்திருந்தாலும், கடை வாசல்ல ஏறுனதுக்கு அப்புறம் அது அவங்க அடையாளம். "இந்த லோகோவை வரைஞ்சது நான்"னு ஒரு டிசைனர் தன் வேலையைக் காட்டறது வேற, "இவங்க என்னை நம்பறாங்க"ன்னு காட்டறது வேற.

"ஊரே பண்ணுது, நாம மட்டுமா?"

இதை ரூம்ல பேசினப்ப என் ரூம்மேட் சண்டைக்கே வந்துட்டா. அவ கேட்டது நியாயமான கேள்வி. "6,000 ரூபாய்க்கு பதினோரு நாள் உன்னை வேலை வாங்கினாங்க. பேரும் போட மாட்டாங்க. நாளைக்கு இன்னொரு கிளையண்ட் 'இதுக்கு முன்னாடி என்ன பண்ணே'ன்னு கேட்டா காட்ட ஒண்ணுமே இல்ல. பெரிய ஏஜென்சி எல்லாம் நூறு லோகோ போடறான், அவனை யாரும் கேட்கல. நேர்மையெல்லாம் நமக்கு மட்டும்தானா?"

அவ சொன்னதுல பாதி எனக்கு உடன்பாடு. பேரு போடற உரிமையும் கூலியில ஒரு பங்குதான். முதல் அஞ்சு வேலைக்கு பணத்தை விட அது முக்கியமாகூட இருக்கலாம். அதைக் குடுக்காம வேலை வாங்கறவங்க நம்மகிட்ட இருந்து ஒண்ணை எடுத்துக்கறாங்க. அதை நாம கேட்டு வாங்கணும். எடுத்துக்கக் கூடாது.

திருப்பூர்ல எங்க சொந்தக்காரங்க நிறைய பேர் பனியன் கம்பெனியில இருக்காங்க. வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கற கம்பெனிகள் அங்க எத்தனையோ. காலர், பட்டன், லேபிள் எல்லாம் அவங்க கைதான். ஆனா மிஞ்சுன சரக்கை உள்ளூர்ல விக்கறப்ப பல நேரம் லேபிளை வெட்டிட்டுத்தான் விப்பாங்க. டி-ஷர்ட் கழுத்துல பாதி லேபிள் தொங்கறதை நாமளே பார்த்திருப்போம். தைச்ச உழைப்பு அவங்களோடது, லேபிள் மட்டும் அவங்களோடது இல்லன்னு நம்ம ஊருக்கு வெப்சைட் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். அதுக்காக அவங்க "நான் தையல்காரனே இல்ல"ன்னு சொல்லிக்கறதில்ல. மாசம் எத்தனை பீஸ், எந்த மெஷின், எந்தத் துணின்னு சொல்லியே அடுத்த ஆர்டர் வாங்கறாங்க.

ஏஜென்சி நூறு லோகோ போடறது உண்மைதான். அதுல எத்தனை பேர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கியிருக்காங்கன்னு வெளிய இருந்து நமக்குத் தெரியாது. கூகுள், மைக்ரோசாஃப்ட் மாதிரி நிறுவனங்கள் தங்களோட சின்னத்தை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாதுன்னு தனிப் பக்கமே போட்டு வெச்சிருக்காங்க. அதோட, தப்பா போச்சுன்னா ஏஜென்சிக்கு வக்கீல் இருக்கார். நமக்கு இருக்கறது ஒரு சீனியர் அண்ணாவோட நம்பிக்கை மட்டும்தான்.

அப்ப என்ன செய்யலாம்?

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. கொட்டேஷன் அனுப்பற அதே மெசேஜ்ல ஒரு வரி போதும்: "வேலை முடிந்ததும் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும், நான் செய்த வேலையின் விவரத்தோடு, என் வெப்சைட்டில் போட சம்மதமா?" வாட்ஸப்ல "ஓகே"ன்னு வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. பேரு மட்டும் போதும், லோகோ வேண்டாம்னு சொன்னா பேரு மட்டும். ரெண்டும் கூடாதுன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி ரேட்டை ஏத்திக் கேளுங்க. இது தப்பே இல்ல. பேரு வெளிய வராத வேலைக்கு விலை அதிகம்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

வேற ஒருத்தர் மூலமா வந்த வேலைன்னா, அந்த ஒருத்தர்கிட்ட கேளுங்க. நான் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, "வேண்டாம்மா"ன்னு பத்து செகண்ட்ல முடிஞ்சிருக்கும்.

லோகோ போட்டாலும் பக்கத்துல வருஷமும் வேலையும் எழுதுங்க. சைட் அப்புறம் மாறிடும், அதனால முடிச்ச அன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மறந்துட்டா இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல பழைய பக்கம் கிடைக்குதான்னு தேடிப் பாருங்க. தலைப்பு "நம்பும் நிறுவனங்கள்"னு வேண்டாம், "நான் செய்த வேலைகள்"னு இருக்கட்டும். முன்னாள் கிளையண்ட் எடுக்கச் சொன்னா வாதாடாம எடுத்துடுங்க. சண்டை போட்டு ஜெயிச்சாலும் நாளைக்கு நம்மளைப் பத்தி விசாரிச்சு வர்ற போனை எடுக்கப் போறது அவங்கதான்.

பேரே சொல்ல முடியாத வேலைக்கும் வழி இருக்கு. "ஒரு ஜவுளிக் கடையின் தள்ளுபடிப் பக்கம்"னு எழுதறதுக்கு முன்னாடிகூட ரகசிய விதி அதை அனுமதிக்குதான்னு பாருங்க. கஷ்டம்னா, அதே மாதிரி ஒரு பக்கத்தை கற்பனைக் கடைக்கு நீங்களே புதுசா பண்ணி, இது மாதிரிக்குச் செஞ்சதுன்னு எழுதிப் போடுங்க. என்ன தெரியும்னு காட்ட அது போதும்.

இது ஃப்ரீலான்ஸர்ஸுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பிளேஸ்மெண்ட் சீசன் நடக்குது. நாலு பேர் சேர்ந்து பண்ண ப்ராஜெக்ட், நாலு ரெஸ்யூமேலயும் தனித்தனியா "நான் உருவாக்கினேன்"னு இருக்கு. மூணு வார இன்டர்ன்ஷிப்புக்கு கம்பெனி லோகோ பெருசா இருக்கு. கேள்வி கேட்கற ஹெச்ஆரும் ஒரு காலத்துல ரெஸ்யூமே எழுதினவங்கதான்.

இப்போ என் பக்கத்துல

மார்ச்ல என் சைட்டை மறுபடியும் பண்ணேன். மிச்சம் இருந்த அஞ்சு பேர்கிட்டயும் கேட்டேன். லேப்ல "வேண்டாம்மா"ன்னாங்க, எடுத்துட்டேன். கோச்சிங் சென்டர்ல போனையே எடுக்கல, எடுத்துட்டேன். இன்டர்ன்ஷிப் கம்பெனியில பேரு மட்டும் போடலாம், மாசமும் வருஷமும் சேர்த்துப் போடணும்னாங்க. சிம்போசியத்துக்கு ஹெச்ஓடி மேடம், கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் பேரையும் போடச் சொன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு வெட்கமாப் போச்சு, அவங்க பேரு எனக்குத் தோணவே இல்ல.

டிரைவிங் ஸ்கூல் அங்கிள்தான் ஆச்சரியம். "இதுக்கெல்லாமா கேப்பாங்க?"ன்னு சிரிச்சார். சாயங்காலமே லோகோவை நல்ல குவாலிட்டியில அனுப்பி, கூடவே வாய்ஸ் நோட் ஒண்ணும் அனுப்பினார். முன்னாடி கிளாஸ் டைம் கேட்டு நாள் முழுக்க போன் வரும், இப்ப பாதி பேர் சைட்லயே புக் பண்ணிடறாங்க, சாப்பிடும்போது போன் அடிக்கறதில்லன்னு சொல்லியிருந்தார். அதை அவர் சம்மதத்தோட அப்படியே எழுதிப் போட்டிருக்கேன். கேட்காம லோகோவை எடுத்துப் போட்டப்ப இந்த வாய்ஸ் நோட் எனக்குக் கிடைக்கல.

ஆறு லோகோ இருந்த இடத்துல இப்ப மூணு பத்தி இருக்கு. முதல் மூணு மாசம் ஒரு விசாரிப்புகூட வரல, அதையும் சொல்லிடறேன். ஜூலையில ஒரு நர்சரித் தோட்டம் நடத்தற அக்கா கூப்பிட்டாங்க. டிரைவிங் ஸ்கூலுக்கு போன் போட்டு விசாரிச்சுட்டேன்னாங்க. எனக்கு அன்னிக்கு வயிறு கலங்கல.

அண்ணாவுக்கு தீபாவளிக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வந்துச்சு. வேலை எதுவும் இன்னும் குடுக்கல. நான் கேட்கவும் இல்ல.